மோட்டாரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தவள்

மோட்டார் கொட்டகையில் தண்ணீருக்காகக் காவல் இருப்பவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். மோட்டாரை நிறுத்திவிட்டு, அது ஓடாமல் இருப்பதற்காகக் காவல் இருந்த ஒருத்தியை நான் எங்கள் ஊரில்தான் பார்த்தேன். அவள் எனக்கு ஓரகத்தி முறை. என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகனுக்கு வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமாகி வந்த நாள் முதல் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. கோபத்துக்குப் பின்னாலேயே வேறு என்னவோ வருகிறது. அது என்னவென்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் ஊர் பாகூருக்கும் சோரியாங்குப்பத்துக்கும் நடுவில் இருக்கிறது. எங்கள் பங்காளிகள் நான்கு வீட்டுக்கும் ஒரே ஆழ்குழாய்க் கிணறு, போர் என்போம். நாளுக்கு ஒரு வீடு என்று முறை வைத்துப் பாய்ச்சுவோம். இதில் எழுதாத சட்டங்கள் உண்டு. முறைக்காரர் கொட்டகையில் இல்லாவிட்டால் அடுத்த வீட்டுக்காரர் வந்து சுவிட்சைப் போட்டுக்கொள்ளலாம். ஒரு கோடை முழுக்க ஒருவர் தன் முறையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்தால், அடுத்த கோடையிலிருந்து அது வாங்கினவருடையது. 'வுட்ட முறை வுட்டதுதான்' என்பார்கள். அதனால் தேவை இருக்கிறதோ இல்லையோ, தன் முறை அன்று மோட்டாரை ஓடவிடாத வீடு கிடையாது. மோட்டார் கரண்டுக்குக் காசும் கிடையாது. வரப்பு உடைந்து தண்ணீர் பாதையில் ஓடினால்கூட, நம்முடைய தண்ணீர்தானே ஓடுகிறது என்று ஒரு திருப்தி.

அக்காவும் அப்படித்தான் இருந்தாள், சொட்டுநீர்க் குழாய் வருகிறவரைக்கும்.

விவசாய ஆபீசிலிருந்து ஆள் வந்து, மானியத்தில் சொட்டுநீர் போட்டுத் தருகிறோம் என்றபோது நான்கு வீடும் தலையாட்டியது. சும்மா கிடைத்தால் சுண்ணாம்பையும் தின்போம் நாங்கள். ஆனால் குழாயை வைத்துப் பிழைக்கிற பொறுமை ஒருத்தருக்கும் இல்லை. சொட்டுகிற ஓட்டைகள் அடைத்துக்கொண்டன, அணில் கடித்தது, உளுந்துக்கு உழும்போது ஏரில் மாட்டிக்கொண்டது. மறுவருஷமே அந்தக் கறுப்புக் குழாயில் துணி காயாத வீடு எங்கள் தெருவில் இல்லை. எங்கள் வீட்டில் கொஞ்சம் பந்தல் கட்டவும் பயன்பட்டது.

அக்கா மட்டும் அதை விடவில்லை. புருஷன் போனபின் ஒற்றையாளாக அவ்வளவு நிலத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே மகன் வில்லியனூரில் கடை வைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டான். சாயங்காலமானால் அக்கா ஒவ்வொரு குழாயாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போவாள். எங்காவது சொட்டு நின்றிருந்தால் வளையலில் மாட்டியிருக்கும் ஊக்கைக் கழற்றிக் குத்துவாள். கோணியூசிபோல ஒன்று, கட்டெறும்பு நிறத்தில் துருப்பிடித்திருக்கும். அதைச் சோற்றுக் கையோடு வைத்திருக்கிறாளே என்று எனக்கு அருவருப்பாக இருக்கும்.

"செடி நனைஞ்சா போதும்டி, குளிக்க வாணாம்" என்பாள். யார் எதைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாள். என் மகள் நெடுநேரம் குளித்தாலும் வாசலில் நின்று இதையே திருப்பிச் சொல்வாள்.

சொட்டுநீர் போட்டபின் அவள் முறை அன்று காலை வெயில் ஏறுவதற்குள் அவளுக்கு வேண்டிய தண்ணீர் முடிந்துவிடும். மீதிப் பொழுது முழுக்க மோட்டார் சும்மா. சரி, நமக்குக் கொஞ்சம் கிடைக்கும் என்று மூன்று வீடும் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தோம். அவளோ சுவிட்சை அணைத்துவிட்டு, கொட்டகை வாசலில் முந்தானையை விரித்து உட்கார்ந்துகொண்டாள். சோறும் அங்கேதான். வெற்றிலையும் அங்கேதான். வீட்டுக்குப் போனால் யாராவது சுவிட்சைப் போட்டுவிடுவார்களே. பொழுது சாய்ந்து அவள் முறை முடிந்த பிறகுதான் எழுந்து போவாள்.

தானும் பாய்ச்ச மாட்டாள், பிறத்தியாருக்கும் விட மாட்டாள். வைக்கோல்போர் நாய் என்று ஊரில் பெயர் வைத்துவிட்டார்கள். அவள் காதுபடவே சொல்வார்கள். ஒரு நாள் அவளே என்னிடம், "நாய் சாப்ட்டுதா, நாய் தூங்குச்சான்னு ஒருத்தனாவது கேக்கறானாடி?" என்று சொல்லிச் சிரித்தாள். 

ஏன் இப்படிச் செய்கிறாள் என்று கேட்காதவர் இல்லை. ஆளுக்கு ஒரு பதில் சொன்னாள். விவசாய ஆபீஸ்காரர் கேட்டதற்கு, "மோட்டார் சூடாவுது சார், ஆறட்டும்" என்றாள். என் வீட்டுக்காரர் கேட்டபோது, "உங்கப்பாரு பாகம் பிரிக்கும்போது என் வூட்டுக்காரருக்கு மேட்டு நெலத்தக் குடுத்தாரே, அப்ப இன்னா நியாயம் பாத்தாரு?" என்று எகிறினாள். கடைசி வீட்டுப் பெரியவரிடம், "வுட்ட முறை வுட்டதுதான்னு நீங்கதான மாமா சொல்லுவீங்க?" என்றாள். என்னிடம் கொஞ்சம் தயங்கிவிட்டு, "அது பாட்டுக்குக் கொஞ்சம் படுத்துக் கெடக்கட்டுமே, எதுக்கு எழுப்பற?" என்றாள். எதைப் படுத்துக் கிடக்கச் சொல்கிறாள், மோட்டாரையா போரையா என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

இன்னொன்றும் இருக்கிறது. என் பிறந்தகம் பூரணாங்குப்பம் பக்கம். கடல் கிட்டத்தில். அப்பாவின் போரில் உப்பு ஏறி, நெல் போய், கடைசியில் தென்னையைத் தவிர ஒன்றும் இல்லாமல் ஆனது. அக்காவுக்கு அந்தக் கதையில் தீராத ஆசை. களை பிடுங்கும்போதெல்லாம் கிளறுவாள்.

"உப்பு எப்புடிடி வந்துச்சு? ஒரே நாள்லயா?"

"இல்லக்கா. மொதல்ல பருப்பு வேவல. அப்பால சோப்பு நுரைக்கல. அப்பதான் தெரிஞ்சுது."

"உங்கப்பாரு ராவும் பகலும் எறைச்சாரா?"

"எல்லாரும்தான் எறைச்சாங்க."

"ம்" என்பாள்.  அடுத்த வாரம் அதே கதையை முதலிலிருந்து கேட்பாள். மறதியா, வம்பா என்று யோசிப்பேன்.

அந்தக் கோடையை நான் மறக்க முடியாது. என் வீட்டுக்காரர் வண்டியிலிருந்து விழுந்து காலில் கட்டுப்போட்டுப் படுத்திருந்தார். கரும்பு கைவிட்டுப்போனது. மேட்டுப்பக்கத்தில் நான் தனியாக வைத்த கத்திரி ஒன்றுதான் வீட்டுக்குக் கதி. பூவெடுத்திருந்தது. எங்கள் முறைத் தண்ணீர் முதல் பாத்திகளைத் தாண்டுவதற்குள் மண் குடித்துவிடும். கடைசிப் பாத்திகளில் இலை மத்தியானத்திலேயே சுருண்டுவிடும். சாயங்காலம்கூட நிமிராது. அக்காவின் முறை அன்று நான் கொட்டகைக்குப் போய் நின்றேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"அக்கா, ஒரு மணி நேரம் போடுக்கா. பூவெல்லாம் கொட்டுது. அவரும் படுத்துகினு கெடக்கறாரு. ஒரே ஒரு மணி நேரம்."

அவள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இல்லடி."

"ஓடாத மோட்டாருதானக்கா? ஒனக்கு இன்னா கொறஞ்சிடும்?"

"ஒண்ணும் கொறையாது. ஆனா குடுக்கறதில்ல."

நான் வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். புருஷனைத் தின்றவள், பிள்ளையே அண்டாதவள் என்றெல்லாம் சொன்னேன். எங்கள் பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? அவள் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். நான் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்றைக்குப் பொழுது சாய்ந்தபின் கத்திரிப் பக்கம் போனால், கடைசிப் பாத்தியில் அக்கா நிற்கிறாள். இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம். ஊர்க்குழாயில் குடிதண்ணீர் விடுகிற நேரத்தில் பிடித்துக்கொண்டு அவ்வளவு தூரம் வரப்பு மேல் நடந்து வந்திருக்கிறாள். மூச்சு வாங்குகிறது. செடி வேரில் ஒவ்வொரு சொம்பாக ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா இது?"

"கண்ணுல தெரியல? தண்ணி."

"மோட்டாரப் போட வக்கில்லாம கொடத்துல தூக்கறியா? பைத்தியமா ஒனக்கு?"

"செடி நனைஞ்சா போதும்டி" என்று ஆரம்பித்தாள். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

மறுநாள் ஒரு கோணி நிறைய காலிப் பாட்டில்களோடு வந்தாள். சோரியாங்குப்பம் ரோட்டில் சாராயக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கடலூர்க்காரர்கள், இங்கே சரக்கு விலை குறைவு என்று சாயங்காலமானால் வண்டி கட்டிக்கொண்டு வந்து, குடித்துவிட்டு, தண்ணீர் பாட்டில்களை வேலியோரமாக வீசிவிட்டுப் போவார்கள். அக்கா அதைப் பொறுக்கிக்கொண்டு வந்திருந்தாள். அடியை அறுத்தாள், மூடியில் ஊக்கால் குத்தினாள், செடிக்கு ஒன்றாகத் தலைகீழாக மண்ணில் நட்டாள். அதில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் விட்டாள். அது கசிந்து கசிந்து வேருக்குப் போனது. எங்கள் கத்திரிக்கொல்லை ஏதோ பெரிய விருந்து முடிந்த இடம்போல இருந்தது. வழியில் போகிறவர்கள், "இன்னாமா, காய் கடிச்சா ஏறுமா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அக்கா அந்த ஆட்களை முறைத்துப் பார்த்துவிட்டு அடுத்த பாட்டிலை எடுப்பாள்.

கோடை முடிகிறவரை அப்படித்தான் குடம் சுமந்தாள். நானும் சுமந்தேன். செடி பிழைத்தது. காயும் கண்டது. ஒரு சுவிட்சைத் தட்டினால் முடிகிற காரியத்துக்கு இரண்டு பெண்பிள்ளைகள் இடுப்பொடிந்தோம். இதை உதவி என்பதா, கொடுமை என்பதா?

இதையாவது ஒரு மாதிரி விழுங்கியிருப்பேன். ஆனால் வாத்துக் கதையை என்னால் விழுங்க முடியவில்லை. அதே கோடை. அறுப்பு முடிந்த வயலில் வாத்து மேய்க்க வெளியூர்க்காரன் ஒருவன் வந்தான். ஏரி வற்றிக்கிடந்தது. வாய்க்காலிலும் ஈரம் இல்லை. வாத்தெல்லாம் அலகைத் திறந்துகொண்டு இரைத்துக்கொண்டிருந்தன. அன்று அக்காவின் முறை. அவன் வந்து கேட்டான். அவள் எழுந்து போய் சுவிட்சைப் போட்டாள்! பள்ளம் நிறையத் தண்ணீர். வாத்துகள் விழுந்து புரண்டு கும்மாளம் போட்டன. அவள் கொட்டகை வாசலில் உட்கார்ந்து குழந்தைபோலச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் ஓடினேன்.

"அக்கா, எங் கத்திரிக்கு இல்லாத தண்ணி வாத்துக்கு எங்கேந்து வந்துச்சு?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வாத்து நாளைக்கு வந்து முறை கேக்காதுடி" என்றாள்.

  வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது, "அவளுக்கு முத்திப்போச்சு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சில வருஷம் கழித்து அக்காவுக்கு உடம்பு முடியாமல் போனது. கால் வீங்கியது. பிள்ளையார்குப்பம் பெரிய ஆஸ்பத்திரியில் மகன் கொண்டுபோய்ச் சேர்த்தான். நான் பஸ் மாறிப் போய்ப் பார்த்தேன். உருவமே சுருங்கிப்போயிருந்தாள். கையில் ஊசி குத்தி, பாட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். ஊர்க்கதை, மழைக்கதை எல்லாம் பேசினோம். எழுந்து வருகிற நேரத்தில் எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கறன், கோச்சுக்காத. அன்னிக்கு ஏன்கா ஒரு மணி நேரம் குடுக்கல?"

அவள் மறுபடி அந்தச் சொட்டைப் பார்த்தாள். 

"ஒனக்குக் குடுத்தா மூணு வூட்டுக்கும் குடுக்கணும்டி. நான் குடுக்கறவ. ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாது எனக்கு. அதான் அங்கியே ஒக்காந்துகினு இருந்தன்."

பிறகு என்ன நினைத்தாளோ, முகத்தைச் சுளித்தாள்.

"ஒங்க மாமனாரு மேட்டு நெலத்தக் குடுத்ததும் மறக்கலடி, அதையும் சேத்துக்கோ" என்றாள்.

எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது? பஸ்ஸில் வரும்போது முழுக்க இதையே நினைத்துக்கொண்டு வந்ததில், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அதற்கு அடுத்த வாரம் அவள் போய்விட்டாள். நான் அழுத அழுகையைப் பார்த்து அவள் மகனே என்னைத் தேற்றினான்.

காரியம் முடிந்தபின் மகன் நிலத்தை எங்களுக்கே குத்தகைக்கு விட்டான். நிலத்தோடு அவள் முறையும் எங்களுக்கு வந்தது. எந்தத் தண்ணீருக்காக நான் அவளைச் சபித்தேனோ, அந்தத் தண்ணீர். என் வீட்டுக்காரர் அன்று பாயசம் வைக்கச் சொன்னார்.

அந்த முறையின் முதல் நாள். அவள் குழாய்கள் அப்படியே இருந்தன. தண்ணீர் விட்டேன். வெயில் ஏறுவதற்குள் எங்களுக்கு வேண்டியது முடிந்தது. சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன். கடைசி வீட்டுப் பெரியவரின் மருமகள் எதிரே வந்தாள். புதுசாக வந்த பெண். நாங்கள் சின்னவள் என்று கூப்பிடுவோம். அவளும் கத்திரிதான் வைத்திருந்தாள்.

"அக்கா, ஒரு மணி நேரம் போட்டுக்கட்டுமா? நாத்து வாடுது."

 அவள் கண்ணில் இருந்த பயம் எனக்குத் தெரியாதா? கொட்டகை வாசலில் நின்று அப்படிக் கேட்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

"போட்டுக்கடி" என்றேன்.

எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மத்தியானத்துக்குள் அடுத்த வீட்டிலிருந்தும் ஆள் வந்துவிட்டது. அவளுக்குக் கொடுத்துவிட்டு இவருக்கு எப்படி இல்லை என்பது? அடுத்த முறை யாரும் கேட்கக்கூட இல்லை. மூன்றாவது முறை நான் போவதற்கு முன்பே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரரும், எல்லாரும் எடுக்கும்போது நாம் மட்டும் ஏன் விட வேண்டும் என்று கரும்பு போட்டார். அந்தக் கோடை முழுக்க எங்கள் போர் பகலில் ஒரு நாழிகை ஓய்ந்ததாக நினைவில்லை.

அடுத்த கோடையும் அப்படியே போனது. அதன் கடைசியில் ஒரு நாள் என் வீட்டு அடுப்பில் பருப்பு வேகவில்லை. பழைய பருப்பு என்று கடைக்காரரைத் திட்டினேன். பிறகு சோப்பு நுரைக்கவில்லை. சொட்டுநீர்க் குழாயின் ஓட்டைகளில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியது. ஊக்கால் குத்தினாலும் மறுநாள் அடைத்துக்கொண்டது. கொட்டகைக்குப் போய் குழாய்த் தண்ணீரைக் கையில் ஏந்தி நாக்கில் வைத்தேன். பூரணாங்குப்பத்துத் தண்ணீர்.

என்னால்தான் இப்படி ஆனதா? யாரிடம் கேட்டாலும் இல்லை என்கிறார்கள். கிழக்கே எல்லாப் போரும் முன்னாலேயே உப்பாகிவிட்டதே, கடல் வந்தால் நீ என்ன செய்வாய் என்கிறார்கள். மழையும் அந்த வருஷம் ஏமாற்றிவிட்டது என்கிறார்கள். வாரத்தில் இரண்டு பொழுது ஒரு கிழவி மோட்டாரை நிறுத்தி வைத்ததால் கடல் நின்றிருக்குமா என்று ஆபீஸ்காரர் சிரிக்கிறார். இருக்காது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. பிறகு இருக்குமோ என்று தோன்றுகிறது. அக்கா இருந்திருந்தால் இன்னும் நாலு வருஷமாவது தள்ளிப்போயிருக்குமோ? அவளுக்கே அது தெரியுமா, இல்லை பங்காளிக் காய்ச்சலில்தான் உட்கார்ந்திருந்தாளா? ஒன்றும் விளங்கவில்லை.

போன வாரம் சின்னவள் வந்தாள். முறத்தில் கத்திரிக்காய். சின்னச் சின்னதாக, காம்போரம் பழுத்து இருந்தது.

"செடி கருகிப்போச்சுக்கா. இதான் கடைசிப் பறி. நாளைக்குப் பிடுங்கிப் போட்டுடப் போறம்" என்றாள்.

"எனக்கு எதுக்குடி? நீ விக்க வேண்டிதுதான?"

"நல்லாச் சொன்ன போ. நீ குடுத்த தண்ணியில வந்ததுதான இத்தினி நாளும்? அந்த நாயி மாதிரி இல்லாம, கேட்ட ஒடனே குடுத்தவ நீதான்கா. ஊர்ல எல்லாரும் உன்னத்தான் நல்ல மனசுக்காரின்னு சொல்றாங்க."

அவள் முறத்தை நீட்டிக்கொண்டே இருந்தாள். அக்கா வீட்டு வாசலில் ஒருத்தரும் இப்படி ஒரு காய் கொண்டுபோய் வைத்து நான் பார்த்ததில்லை. வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாமல் நான் நின்றுகொண்டிருந்தேன்.